நாற்பத்தோராம் நாள்

என் தங்கேஸ் மச்சாள், எங்கே இருந்தாலும் வேலையைக் கொஞ்சம் வைத்துவிட்டு இதைக் கேள்.

இன்றைக்குக் காலை ஆசுப்பத்திரியில் எனக்குப் பிறஷர் பார்த்தார்கள். நல்லாய் இருக்கிறது என்று தாதி சொன்னா. போன முறையும் அப்படித்தான், அதற்கு முந்தின முறையும் அப்படித்தான். என்ன செய்கிறீர்கள் அக்கா என்று கேட்டா. பெரிதாய் ஒன்றுமில்லை என்றேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் இதை யாருக்காவது சொல்லவேண்டும் போல் இருந்தது. இவருக்குச் சொன்னால் "நல்லது" என்ற ஒரு சொல்லோடு பேப்பரைப் பிரித்துவிடுவார். உனக்குச் சொன்னால்தான் எனக்குச் சொன்னது போல் இருக்கும்.

நீ போய் நாலு வருசம். உனக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஜேர்மனியில் இருக்கும் அண்ணைக்கு மாதத்துக்கு ஒரு கடிதம் போடுகிறேன். அதில் உன்னைப் பற்றிய கதை வராமல் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் இது தெரியாதவர்கள் கையிலும் அகப்படலாம் என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நீ புத்தகத்தைத் தூக்குவாய், சாப்பாடு தண்ணி இல்லாமல் படிப்பாய், முதலாம் பிள்ளையாய் வருவாய், சோதனை முடிந்த அன்றே புத்தகத்தை மூடிவிடுவாய். நான் நாளுக்கு இரண்டு பக்கம் படித்து எப்படியோ பாஸ் பண்ணுவேன். பிறகு என் அண்ணையைக் கட்டி எனக்கு மச்சாளாகவும் வந்தாய். மடத்துவெளியில் நாலு வளவு தள்ளி உன் வீடு.

அண்ணை ஜேர்மனிக்குப் போன அடுத்த வருசம் எனக்குத் தலைச்சுற்று, உனக்குப் பிடரி வலி. ஒன்றாய்த்தான் பஸ் ஏறிப் போனோம். இரண்டு பேருக்கும் பிறஷர் என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் போடக் குளிசை தந்தார்கள். உனக்கு என்னைவிடக் கூட. அதிலும் நீதான் முதலாம் பிள்ளை என்று நான் பகிடி விட, நீ அந்த வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கச் சிரித்தாய். அந்த டொக்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இது காய்ச்சல் மாதிரி வந்திட்டுப் போறதில்லை. இனிச் சாகும்வரைக்கும் உங்களோடைதான் இருக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கவனிச்சால் போதும், ஆனா ஒவ்வொரு நாளும் கவனிக்கவேணும்," என்றா.

எனக்கு அந்தக் கடைசிச் சொற்கள்தான் காதில் நின்றன. உனக்கு அவை விழவே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில், பாலம் தாண்டும்போது, நீ விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாய். "நாப்பது நாள். நாப்பது நாளிலை இதை முடிச்சுக் காட்டிறன் பார்."

முடித்துத்தான் காட்டினாய். விடியும் முன்னே எழும்பிக் குறிகட்டுவான் துறைமட்டும் போய், முதல் வள்ளம் நயினாதீவுக்கு வெளிக்கிடும்போது திரும்புவாய். சேலை காலில் சுற்றச் சுற்ற நீ நடக்கிற வேகத்துக்கு நான் நாலு நாள் இழுபட்டேன், ஐந்தாம் நாள் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டேன். நீ மத்தியானம் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டாய். சோற்றைத் தொடவில்லை, உப்பைத் தொடவில்லை. அப்போது உயிரோடு இருந்த என் அம்மா, உன் மாமியார், அழுதுபார்த்தா. முப்பதாம் நாள் உன் சட்டைகள் எல்லாம் தோளில் நிற்காமல் வழுகின. இருந்து ஒவ்வொன்றாய்த் தைத்துச் சிறுப்பித்தாய்.

உண்மையைச் சொல், அது பிறஷருக்காகவா? போன படத்தில் உன் முகம் ஊதிக் கிடக்கிறது என்று அண்ணை விளையாட்டாய் எழுதியிருந்தார். நாற்பது நாள் முடிந்ததும் நீ பட்டணத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினாய். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன் என்று அவர் பதில் போட்டார். அந்த வரியை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாய். அந்த முகத்தைப் பார்த்த எனக்கு உன்னைக் குறை சொல்ல மனம் வருமா?

கிளினிக்கிலும் பிறஷர் இறங்கியிருந்தது. அன்றைக்கே உப்பும் உறைப்புமாய் மீன் கூழ் காய்ச்சி, எல்லாரையும் கூப்பிட்டு, நீயும் மூன்று கோப்பை குடித்தாய். "முடிஞ்சுது மச்சாள்," என்றாய். அடுத்த நாள் நீ துறைப்பக்கம் போகவில்லை.

பிறகுதான் அந்த நாள் வந்தது. ஒரு கலியாண வீட்டுக்குக் கட்ட உன் நீலச் சேலையைக் கேட்டு வந்தேன். நீ குசினியில் நின்றபடி அலுமாரியைத் திறந்து எடுக்கச் சொன்னாய். சேலைக்கு அடியில் ஆசுப்பத்திரியில் கடுதாசியில் சுற்றித் தந்த குளிசைச் சரைகள், பிரிக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாய். நான் கையில் எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன்.

"எனக்குத்தான் இப்ப ஒண்டும் செய்யேல்லையே. நோய் வருத்தம் இல்லாத ஆளுக்கு என்னத்துக்குக் குளிசை? அதைப் போட்டால் நாள் முழுக்கத் தலை பாரமாய்க் கிடக்கு," என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்ரை அண்ணைக்கு எழுதிப்போடாதை. சும்மா பயப்பிடுவார்," என்றாய்.

"ஓம், எழுதேல்லை," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. சேலையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன்னோடு சண்டை பிடிக்கப் பயந்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதியையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். உன்னால் நிறுத்த முடியும் என்றால் என்னாலும் முடியும் என்று எனக்குச் சந்தோசமாய் இருந்தது. அந்தக் கிழமையே நானும் நிறுத்தினேன், மச்சாள். ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டு பேரும் ஒரே பிழையைச் செய்துகொண்டு திரிந்தோம். விழுந்தது நீ.

தை மாதம். நான் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கிறேன். உன் மகள் சுகந்தி பள்ளிக்கூடச் சட்டையோடு, ஒரு பக்கம் பின்னி ஒரு பக்கம் பின்னாத தலையோடு ஓடிவந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. "மாமி, அம்மா கதைக்கிறா. ஆனா விளங்கேல்லை," என்றாள்.

கிணற்றடியில் இருந்தாய். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பாரிசவாதம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. வான் பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க நீ எனக்கு ஏதோ சொல்லப் பார்த்தாய். ஒரே விசயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய் என்று மட்டும் தெரிந்தது. அது என்ன? சுகந்தியைப் பார்த்துக்கொள் என்றா? அடுப்பில் உலை கிடக்கிறது என்றா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆசுப்பத்திரியில் குளிசை போட்டவவோ என்று டொக்டர் கேட்டார். நிற்பாட்டிப்போட்டா என்று நான்தான் சொன்னேன். எவ்வளவு காலம் என்றார். எட்டு மாதம் என்றேன். பக்கத்தில் நின்ற இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் நாள் நீ போய்விட்டாய். அண்ணையால் வர ஏலவில்லை. அங்கே அவருடைய அகதிக் கேஸ் முடியவில்லை, வெளியே வந்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள். எப்படி நடந்தது என்று கேட்டு எழுதினார். திடீரென்று என்று பதில் போட்டேன். என் அண்ணைக்கு நான் எழுதிய முதல் பொய் அது.

சுகந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அவள் உடுப்புகளை அடுக்கி வைத்த அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. நானும் விழுந்தால் இந்தப் பிள்ளை மூன்றாவது வீட்டுக்கு எங்கே போவாள்?

பயம் வந்தால் மனிசர் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறாய்? நீ செய்ததைத்தான் நான் செய்தேன். நிறுத்தின குளிசையைத் திரும்ப எடுத்தேன். வீட்டில் உப்பையே நிற்பாட்டினேன். இவரும் சுகந்தியும் அந்தச் சாப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள். வெள்ளி, செவ்வாய், சதுர்த்தி என்று வந்த விரதம் எல்லாம் பிடித்தேன். காலையும் மாலையும் நடந்தேன், உன் வேகத்தில். இருபத்தைந்து நாள் இருக்கும், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தேன்.

இவர் தூக்கிக் கதிரையில் இருத்தித் தேசிக்காய்த் தண்ணி தந்தார். நான் கண் தெளியும்வரை பேப்பரால் விசிறினார். பிறகு எனக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னார்: "தங்கேஸ் வடிவாய்த் தெரியவேணுமெண்டு நாப்பது நாள் செய்தா. நீர் பயத்திலை நாப்பது நாள் செய்வீர். நாப்பத்தோராம் நாள் என்ன செய்யப்போறீர்?"

கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராய் இருக்கிற மனிசன், நாளுக்கு நாலு சொல் பேசினால் பெரிய விசயம்.  

அன்றைக்கு மத்தியானம் முழுக்கக் கதிரையில் இருந்து யோசித்தேன். நாற்பத்தோராம் நாள் மட்டுமில்லை. மாரி வரும், காய்ச்சல் வரும், செத்த வீடு வரும், ஊரடங்கு வரும். அப்படியான நாளிலும் என்னால் என்ன செய்ய முடியும்? அவ்வளவுதான் என்னுடைய அளவு என்று தீர்மானித்தேன். அதைவிடக் கூடச் செய்ய முடிகிற நாளில் செய்யலாம். குறையக் கூடாது.

நடை, சந்தி தாண்டி இருக்கிற மதகு வரைக்கும். போய்வரப் பாட்டு ஒன்று இரண்டு முணுமுணுக்கிற நேரம். குளிசையைத் தேயிலைத் தகரப் பேணிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலைத் தேத்தண்ணி குடிக்காமல் நான் இருந்த நாள் உண்டா? உப்பை ஒரேயடியாய் நிற்பாட்டாமல் மாதத்துக்குக் கொஞ்சமாய்க் குறைத்தேன். கறி என்னவோ சப்பென்று இருக்கிறதே என்று இவர் கேட்டபோது மூன்று மாதம் கழிந்திருந்தது. கருவாடு ஞாயிறில் மட்டும். கூழ் காய்ச்சினால் ஒரு கோப்பை. அதை விடச் சொல்லாதே, அது என்னால் ஏலாது.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. நடைதான் ஊருக்குக் கண்ணுறுத்தியது. இந்தத் தீவில் ஒரு பொம்பிளை காரணம் இல்லாமல் நடப்பதை யார் கண்டது? நீ நடந்தபோது துறையில் ஆரையோ பார்க்கப் போகிறாய் என்று நினைத்தார்கள். நான் மதகில் நின்று வெறுங்கையோடு திரும்பி வருகிறேன். சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் இறங்கி எங்கே போகிறியள் என்று கேட்டார்கள். ஒரு கிழமையில் நான் புருசனோடு கோவித்துக்கொண்டு திரிகிறேன் என்ற கதை பரவி, என் சித்தப்பா சமாதானம் பேச வெற்றிலையும் கையுமாய் வந்துவிட்டார்! இவர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, பிறஷருக்கு நடக்கிறா என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வீட்டுச் செல்வராணி அக்கா ஒரு வழி சொன்னா. "ஒரு பையைக் கையிலை கொண்டு போ. ஒருத்தரும் கேக்காயினம்." ஒரு கிழமை வெறும் பையோடு நடந்தேன். உண்மையாகவே ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு வெட்கமாய் இருந்தது. ஏற்கெனவே ஒன்றை மறைத்து அதன் பலனைக் கண்டவள் நான். அடுத்த திங்கட்கிழமை பையை வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்: எனக்குப் பிறஷர், தங்கேசுக்கு வந்தது எனக்கும் வரக்கூடாது, அதுதான் நடக்கிறேன். உன் பெயரைக் கேட்டதும் ஒருவரும் மேலே கதைக்கவில்லை. நாலாம் மாதம் செல்வராணி அக்காவே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, என் பின்னால் வந்தா. இப்போது ஐந்து பேர் நடக்கிறோம்.

பிறகு இந்திய ஆமி வந்தது. ஒரு நாள் மதகடியில் ஒரு சிப்பாய் மறித்து ஏதோ கேட்டான். அவன் பாசை எனக்குத் தெரியாது, என் பாசை அவனுக்குத் தெரியாது. எங்கே போகிறாய் என்றுதான் கேட்டிருப்பான். எங்கேயும் இல்லை என்பதைக் கையால் எப்படிக் காட்டுவது? நெஞ்சில் கையை வைத்து, "பிறஷர்," என்றேன். அவன் கொஞ்சம் பார்த்தான். "மா... பிறஷர்," என்று தூரத்தைக் காட்டினான். அவனுடைய தாய்க்கும் இருக்கிறதாக்கும். வழி விட்டான். அன்றைக்கு ஒரு பாட்டும் முணுமுணுக்காமல் வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாளும் போனேன்.

எல்லா நாளும் போனேன் என்று நினைக்காதே. சண்டை தொடங்கிப் பாதை பூட்டின நேரம் குளிசை முடிந்து பதினொரு நாள் இல்லாமல் இருந்தேன். நடை மூன்று கிழமைக்குமேல் நின்றது. முந்திய நானாக இருந்தால் எல்லாம் குழம்பிவிட்டது, இனி என்ன என்று விட்டிருப்பேன். பஸ் ஓடின முதல் நாளே போய்க் குளிசை எடுத்தேன். விட்டதற்கு அழவும் இல்லை, விட்டதைச் சேர்த்து இரண்டு மடங்காய் நடக்கவும் இல்லை. திரும்ப மதகுமட்டும். அதுக்குப் பிறகு ஒரு சரை முடிய முன்பே அடுத்ததைக் கேட்டு வாங்கி வைக்கிறேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. சுகந்தி போன வருசம் பெரியபிள்ளையானாள். நாட்டு நிலைமையில் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை, வீட்டோடு தண்ணி வார்த்தோம். உன் நீலச் சேலையைத்தான் கட்டினாள். உன் உயரம் வருவாள் போல இருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பாராமலே, "மாமி, நீங்களும் அம்மா மாதிரிச் செத்துப்போவியளோ?" என்று கேட்டாள்.

சீப்பைக் கீழே வைத்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.  எல்லாவற்றையும் சொன்னேன், மச்சாள். அலுமாரியில் கண்டது, உனக்கு ஓம் என்றது, நானும் நிறுத்தினது, எல்லாம். அவளுக்குப் பன்னிரண்டு வயதுதான். பிழையாய்ச் செய்தேனா?

அவள் ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு, "நீங்கள் சொல்லியிருந்தாலும் அம்மா கேட்டிருக்கமாட்டா," என்றாள். நான் மூச்சு விட்டேன். சீப்பை எடுத்துத் திரும்ப இழுக்கத் தொடங்கினேன். பின்னி முடித்து முடிச்சுப் போடும்போதுதான் அவள் மற்றதைச் சொன்னாள்.

"எண்டாலும் சொல்லியிருக்கலாம், மாமி."

அதற்குமேல் ஒரு தீர்ப்பும் எனக்கு வேண்டியதில்லை. அதை நான் ஏற்றுக்கொண்டேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள்.

போன கிழமை அண்ணையிடம் இருந்து கடிதம் வந்தது. அவருக்குச் சீனி வருத்தமாம், நீரிழிவு. சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்று வேலை, கண்ட நேரத்தில் சாப்பாடு, வராமல் என்ன செய்யும்? அடுத்த வரியைக் கேள்: "வாற திங்கள் தொடக்கம் ஒரு மாதத்துக்குச் சோறு தொடமாட்டன். ஓடவும் தொடங்கப்போறன். ஒரு மாதத்திலை முழுக்கச் சுகப்படுத்திப்போட்டு எழுதிறன்."

 இரண்டு பேரும் எப்படித்தான் பொருத்தமாய்க் கட்டினீர்கள்!

எட்டுப் பக்கம் எழுதினேன். திடீரென்று இல்லை, எட்டு மாதம் குளிசை போடாமல் இருந்தா, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். மீதிப் பக்கங்களில் உப்பையும் மதகையும் தேயிலைப் பேணியையும் எழுதினேன். ஓடவேண்டாம், வேலைக்குப் போகிற வழியில் ஒரு பஸ் தரிப்புக்கு முன்னால் இறங்கி நடவுங்கள். சோற்றை விடவேண்டாம், பாதியாக்குங்கள். எழுபது வயதிலும் செய்யக்கூடியதை மட்டும் தொடங்குங்கள் என்று எழுதினேன். முந்தநாள் தபாலில் சேர்த்தேன். அவர் என்னோடு கோவிப்பாரா, இனிக் கடிதமே போடாமல் விடுவாரா, தெரியாது. கோவித்தாலும் மாதத்துக்கு ஒரு கடிதம் இங்கிருந்து போகும். இன்றைக்குக் குளிசை போட்டீர்களா என்று அதில் முதல் வரியாய்க் கேட்பேன். சுகந்திக்குத் தகப்பன் ஒருவர்தான் மிச்சம்.

மச்சாள், நான் நூறு வயதுவரை இருப்பேன் என்று உனக்கு வாக்குத் தரமாட்டேன். இந்தக் காலத்தில் அதை ஆரால் தர ஏலும்? வந்து விழும் செல் குண்டுக்கும் கடலுக்கும் நான் பொறுப்புச் சொல்ல முடியாது. என் கைக்குள் இருப்பது மிகவும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை நான் கைவிடமாட்டேன். கைவிட்டாலும் அடுத்த நாள் எடுப்பேன். கண்டதைக் கண்டேன் என்று சொல்வேன், அதைக் கேட்கிறவர் என் முகத்தில் முழிக்காவிட்டாலும். இவை இரண்டும்தான் என் வாக்கு.

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, நாளைக்கு மழை நிச்சயம். மழை என்றால் விறாந்தையில் நடப்பேன். எத்தனை தரம் போய் வந்தால் மதகுமட்டும் நடந்த கணக்காகும் என்று சுகந்தி இப்போது காலடி வைத்து அளந்துகொண்டிருக்கிறாள்.

உன் மகளுக்கு மாமியும்,
உனக்கு என்றைக்கும் மச்சாளுமான
பரமேஸ்